மாரிக் குளிரும் எமது வீட்டு வாயில்லாச் சீவன்களும்

மாரி தொடங்கிவிட்டால் எமது கிராமத்து வீடுகளில் சீவன்களின் தொகை கூடிவிடுகிறது. கோடை முழுவதும் வேம்பின் கீழே கிடந்த நாய் விறாந்தைக்கு ஏறிவிடும். பூனை அடுப்படிச் சாம்பலை விட்டு எழும்பாது. கொய்யா மரத்தில் உறங்கிய கோழிகள் குசினிக் கூரையின் கீழே கம்பு தேடும். நேற்றுப் பிறந்த ஆட்டுக்குட்டி சாக்கினாற் சுற்றப்பட்டு வீட்டு மூலையிற் கிடக்கும். பசு மாத்திரம் பின்வளவில் நின்று மழையிற் கொடுகிக்கொண்டிருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள காலமே எமது குளிர்காலம். மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வரும் காலம் அது.

பனி கொட்டும் நாடுகளின் குளிரோடு ஒப்பிட்டால் எமது குளிர் மிகச் சிறியது. வன்னியின் மார்கழி விடியற்காலையில் வெப்பநிலை சில நாட்களில் 20 பாகைக்குக் கீழே இறங்கும், அவ்வளவுதான். எனவே, "எங்கடை மாடுகளுக்குக் குளிர் என்ன செய்யும்?" என்ற எண்ணம் பலரிடம் இருந்து வந்தது. 2022ஆம் ஆண்டு மார்கழி மாதம் அந்த எண்ணத்தை உடைத்துவிட்டது.

2022 மார்கழியில் நடந்தது

வங்காள விரிகுடாவில் உருவான மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் எமது கரையைத் தொடவில்லை. ஆனால் அதன் காற்றும், மழைத் தூறலும், வழமைக்கு மாறான குளிரும் வடக்கு கிழக்கெங்கும் பரவின. அந்த ஓரிரு நாட்களுக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை உள்ளிட்ட மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. விடிய எழும்பிப் பட்டிக்குப் போனவர்கள் வரிசையாக விழுந்து கிடந்த மாடுகளைக் கண்டார்கள். தொற்றுநோயோ என்ற அச்சம் எழுந்தது. மாதிரிகள் எடுத்து ஆராயப்பட்டன. கடுங்குளிரின் தாக்கமே காரணமென அறிவிக்கப்பட்டது.

இழப்பை எண்ணிக்கையால் மட்டும் அளந்துவிட முடியாது. போரிற் கணவனை இழந்து, இரண்டு பசுக்களை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மார் எமது பகுதிகளில் அநேகர். அவர்களுக்குப் பசு என்பது நாள்தோறும் கைக்கு வரும் பாற்காசு; பிள்ளையின் கொப்பி; அவசரத்துக்கு அடகு வைக்கத் தேவையில்லாத நகை. வங்கிப் புத்தகம் இல்லாத வீட்டின் சேமிப்பு கொட்டிலில் நிற்கிறது. அந்தச் சேமிப்பு ஓர் இரவில் விறைத்துப்போவதை எந்த நிவாரணமும் முழுதாக ஈடுசெய்வதில்லை.

குளிர் எப்படிக் கொல்கிறது?

மலையகத்தைப் பாருங்கள். நுவரெலியாவிற் தை, மாசி மாதங்களிற் சில நாட்களிற் தேயிலைக் கொழுந்தின் மீது உறைபனி படிவதுண்டு. வன்னியை விட அங்கே குளிர் பலமடங்கு கடுமை. ஆயினும் தோட்டத்து மக்கள் லயத்துக்கு அருகே பசு வளர்த்துப் பால் கறக்கிறார்கள். அந்தப் பசு வெட்டவெளியில் நிற்பதில்லை. பலகையாலோ தகரத்தாலோ அடைத்த பட்டியில், காய்ந்த தரையில் நிற்கிறது. வீட்டார் புல் அறுத்துக்கொண்டுவந்து போடுகிறார்கள். ஆகவே குளிர் தனியே நின்று மாட்டைக் கொல்வது அரிது. நனைவு, காற்று, வெறுவயிறு என்ற மூன்றும் குளிரோடு கூடும்போதுதான் ஆபத்து.

மாட்டின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 பாகை. அதன் உரோமங்களுக்கிடையே தங்கியிருக்கும் காற்று ஒரு போர்வையைப் போல உடற்சூட்டைக் காக்கிறது. உரோமம் நனைந்து ஒட்டிவிட்டால் அந்தப் போர்வை போய்விடும். ஈர உடம்பிற் காற்றுப் பட்டால் சூடு விரைவாக வெளியேறும். நாம் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் உதறுவது போலத்தான்.

இழந்த சூட்டை ஈடுசெய்வது தீனி. மாட்டின் பெருவயிறு ஓர் அடுப்பு. வைக்கோலும் புல்லும் அங்கே நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. விறகில்லாத அடுப்பு அணைந்துவிடும். மெலிந்த மாடு, கிழட்டு மாடு, கன்று ஈன்று சில நாளான பசு, இளங்கன்று ஆகியவை முதலில் விழுவதற்கு இதுவே காரணம்.

பச்சைக்குள் ஒரு பஞ்சம்

மாரியில் எங்கு பார்த்தாலும் பச்சை. மாட்டுக்குத் தீனிப் பஞ்சம் என்றால் நகரத்தவர் சிரிப்பார்கள். ஆனால் காலபோக நெல் விதைத்த நாள் முதல் வயல்கள் மாடுகளுக்கு மூடப்பட்டுவிடுகின்றன. பட்டிகளைக் காட்டோரத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் சாய்த்துக்கொண்டு போகிறார்கள். அங்கே பற்றையும் முள்ளும் உண்டு. போதிய புல் இல்லை. மழையில் முளைத்த இளம்புல்லில் தண்ணீரே அதிகம். வயிறு நிறைந்தது போலிருக்கும், சத்துப் போதாது. இரவில் அவை முள்வேலி அடைத்த திறந்த பட்டிக்குள் சேற்றில் நிற்கின்றன. 2022இல் விழுந்தவற்றில் இத்தகைய பட்டி மாடுகள் பல.

மேய்ச்சற்றரை இல்லாமை தனியொரு குடும்பத்தாற் தீர்க்கக்கூடிய பிரச்சினையன்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தமது மேய்ச்சல் நிலத்துக்காக 2023 செப்டெம்பரிற் தொடங்கிய போராட்டம் நெடுநாள் நீடித்ததை வாசகர் அறிவர். கால்நடை வளர்ப்போர் சங்கங்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும், பங்குச் சபைகளும் ஒன்றாக நின்று பேசவேண்டிய விடயம் இது. எனினும் அந்தத் தீர்வு வரும்வரை எமது கொட்டில்களில் நாமே செய்யக்கூடியவை பல உண்டு.

கொட்டிலிற் கவனிக்க வேண்டியவை

முதலாவது, காய்ந்த தரை. கொட்டிலின் தரை முற்றத்தை விட ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். கிரவல் போட்டு இறுக்கி, ஒரு பக்கம் சற்றுச் சரிவாக அமைத்து, சுற்றிவர வாய்க்கால் வெட்டிவிட்டால் சேறு சேராது. இரவுக்கு உமி, மரத்தூள், காய்ந்த சருகு ஆகியவற்றில் ஒன்றைப் பரப்பிவிடலாம். காலையில் அதை அள்ளிக் கும்பியிற் போட்டால் தோட்டத்துக்குப் பசளையாகும்.

இரண்டாவது, காற்று மறைப்பு. வாடைக்காற்று வரும் வடக்கு, வடகிழக்குப் பக்கங்களைக் கிடுகினாலோ, பனையோலையினாலோ, படங்கினாலோ, தைத்த உரப்பைகளினாலோ மறையுங்கள். நான்கு பக்கத்தையும் இறுக்கி மூடிவிட வேண்டாம். சாணமும் மூத்திரமும் எழுப்பும் நெடி வெளியேறாவிட்டால் சளியும் நெஞ்சு நோயும் வரும். மறைப்புக்கு எதிர்ப்பக்கத்தின் மேற்பகுதி திறந்திருக்கட்டும். காசில்லாத மறைப்பு உயிர்வேலிதான். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகியவற்றை நெருக்கமாக நட்டால் காற்றும் தடைப்படும், குழையும் கிடைக்கும்.

மூன்றாவது, இரவுத் தீனி. பகலில் எவ்வளவு மேய்ந்தாலும் பொழுதுபட்டபின் வைக்கோல் போடுங்கள். கரடான தீனி மெதுவாக நொதித்து, குளிர் கூடும் விடியற்காலை வரை உடம்பைச் சூடாக வைத்திருக்கும். வைக்கோல் இல்லாதவிடத்துப் பனையோலையைக் கிழித்துப் போடும் பழைய வழக்கம் இன்னும் பயன் தரும். தவிடும் புண்ணாக்கும் கிடைக்குமாயின், கன்றீன்ற பசுவுக்கும் மெலிந்த மாட்டுக்கும் முதலிற் கொடுங்கள்.

நான்காவது, நெருப்பில் அவதானம். நுளம்புக்காக வேப்பங்குழை போட்டு மூட்டம் போடுவது நல்லதுதான். ஆனால் கிடுகுக் கொட்டிலுக்குள் வைக்கோலுக்கு அருகே தணலை விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். மூட்டத்தைக் காற்று வரும் பக்கத்திற் கொட்டிலுக்கு வெளியே வைத்து, ஆட்கள் படுக்குமுன் அணைத்துவிட வேண்டும். அவ்வாறே, குளிருக்காகத் தணற்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவதும் உயிராபத்து. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை.

ஆடு மழையை வெறுக்கும் பிராணி. அதற்குத் தரையிலிருந்து 3 அடி உயரத்திற் பரண் அமைத்து, சலாகைகளுக்கிடையே அரை அங்குல இடைவெளி விட்டால் புழுக்கை கீழே விழும், படுக்கை காய்ந்திருக்கும். மழை நாளில் ஆட்டை அவிழ்க்காமல் பூவரசு, பலா, சீமைக்கிளுவைக் குழைகளை வெட்டிக் கட்டித் தொங்கவிடலாம். இப்பிலிப்பில் குழையையும் கொடுக்கலாம். தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்று, குட்டி, குஞ்சு

பிறந்த கன்றுக்கு நனைந்த உடம்பே முதற் பகை. தாய் நக்கித் துடைப்பதோடு நாமும் காய்ந்த சாக்கினால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். தொப்புள்கொடிக்கு அயடீன் பூசுங்கள். அடுத்தது கடும்புப்பால். அதைக் காய்ச்சி, சீனி போட்டு, அயலட்டைக்குக் கொடுப்பது எமது வழக்கம். நல்ல வழக்கந்தான், ஆனால் முதற்பங்கு கன்றுக்குரியது. பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தன் நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கடும்புப்பாலை அது குடிக்க வேண்டும். 18 கிலோ நிறையுள்ள கன்றுக்கு இது ஏறக்குறைய 1.8 லீற்றர். நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்கு இந்தப் பாலினூடாகவே கிடைக்கிறது. நேரம் செல்லச் செல்ல அதை ஏற்கும் தன்மை கன்றின் குடலிற் குறைந்துவிடும். ஆட்டுக்குட்டிக்கும் இதுவே விதி.

கோழிக்குஞ்சுக்கு முதற் கிழமையில் 33 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பின்னர் கிழமைக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு போகலாம். பேட்டுக் கோழி இருந்தால் அதன் செட்டையே போதும். அதில்லாமல் வாங்கி வளர்ப்பவர்கள் முன்னர் 60 வாற்று மின்குமிழைத் தொங்கவிட்டார்கள். இப்போது கடைகளில் வாங்கும் எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. அதை நம்பிக் குஞ்சுகளைச் சாகக் கொடுக்க வேண்டாம். சூடு தரும் பழைய வகைக் குமிழைத் தேடி வாங்குங்கள். அல்லது போத்தல்களிற் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஆற ஆற மாற்றுங்கள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாற் குளிர். வாயைத் திறந்துகொண்டு விலகி நின்றாற் சூடு அதிகம். வெப்பமானி இல்லாத வீட்டுக்கு இந்த அடையாளம் போதும்.

நாயும் பூனையும்

பழைய ஏற்பாட்டில் நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசருக்கு ஓர் ஏழையின் கதையைக் கூறுகிறார். அந்த ஏழைக்கு இருந்தது ஒரேயொரு ஆட்டுக்குட்டி. அது அவனுடைய பிள்ளைகளோடு வளர்ந்து, அவனுடைய உணவிலே பங்குண்டு, அவன் மடியிலே உறங்கியது. பிராணியைப் பிள்ளை போல வளர்ப்பது பணக்காரருக்குரிய பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இக்கதையை மீண்டும் வாசிக்க வேண்டும்.

ஆயினும் மாரிகாலத்திலேயே நாம் நாய்களுக்குப் பெருங்கொடுமை செய்கிறோம். குட்டி போட்டதும் பெட்டைக் குட்டிகளைப் பொறுக்கிச் சாக்கிற் கட்டி, சந்தையடியிலோ கோயில் வளவிலோ விட்டுவிடுகிறார்கள். பிறந்து இரண்டு கிழமை வரையில் நாய்க்குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தே அது உயிர் வாழ்கிறது. மழையில் விடப்பட்ட குட்டி சில மணித்தியாலங்களில் விறைத்துவிடும்.

அப்படியொரு குட்டியைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்தால் உடனே பால் பருக்காதீர்கள். விறைத்த குட்டியின் வயிறு பாலை ஏற்காது. முதலில் துணியாற் துடைத்து, மடியில் வைத்து, உடம்பு இளஞ்சூடாகி அசையத் தொடங்கிய பின்னரே சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பசுப்பால் சிலவற்றுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். பாலூட்டும் வேறொரு நாய் அயலில் இருந்தால் அதனோடு சேர்ப்பதே சிறந்தது.

குட்டிகளைக் கொண்டுபோய் எறியும் நிலை வராமலிருக்க, பெட்டை நாய்க்கும் பெட்டைப் பூனைக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதே நேரான வழி. இதற்கான நடமாடும் முகாம்கள் நடைபெறும் நாட்களைக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறியலாம்.

வீட்டுக்குள் வரும் நோய்கள்

பிராணிகளோடு நெருங்கி வாழும் மாரியில் இரண்டு நோய்களையிட்டு விழிப்பாயிருக்க வேண்டும்.

ஒன்று விசர்நாய்க்கடி. நோய் வெளிப்பட்ட பின் காப்பாற்ற மருந்தில்லை. வருமுன் தடுக்க மருந்து உண்டு. நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவியுங்கள். குட்டிதானே என்று விட்டுவிட வேண்டாம். குட்டிக்கும் விசர் பிடிக்கும். கடித்தாலோ, கீறினாலோ, காயத்திலே நக்கினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளைகள் அடிக்குப் பயந்து கீறலை மறைப்பார்கள். மறைக்கத் தேவையில்லாத வீடாக எமது வீடு இருக்க வேண்டும்.

மற்றது எலிக்காய்ச்சல். 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின், டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோய் பரவி உயிர்களைப் பறித்தது. எலியின் மூத்திரத்தாலும், நோயுற்ற மாடு, நாய் ஆகியவற்றின் மூத்திரத்தாலும் கிருமி தண்ணீரிற் கலந்து, காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக உடலுக்குள் நுழைகிறது. கொட்டிற் கழிவு கிணற்றடிப் பக்கம் ஓடாமல் வாய்க்காலைத் திருப்புங்கள். வெள்ளத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். வயலில் இறங்குவோர் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டாற் கைவைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். கோழித்தீனியை மூடிய வாளியில் வையுங்கள். சிந்திய தானியத்துக்கு எலி வரும். எலிக்குப் பின்னாலே பாம்பு வரும்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. அத்தகைய வேளையில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தாற் மாடு, ஆடு, நாய்களின் கட்டை அவிழ்த்துவிட்டுப் புறப்படுங்கள், கோழிக்கூட்டைத் திறந்துவிடுங்கள். அவிழ்த்துவிட்ட மாடு மேட்டைத் தேடிப் போகும். கட்டையில் நிற்கும் மாட்டுக்குப் போக்கிடமில்லை.

மாரிக்கான ஆயத்தம் மாசியிலே

மார்கழியில் விழும் மாட்டைக் காப்பாற்றும் வேலை மார்கழியிற் தொடங்குவதன்று. மாசி, பங்குனியிற் காலபோக அறுவடை முடிகிறது. முன்பு கையால் அரிவு வெட்டிச் சூடடித்த காலத்தில் வைக்கோல் களத்திலே குவிந்திருக்கும். வண்டிலில் ஏற்றி வந்து வளவிலே போர் வைப்பார்கள். இன்று வெட்டும் இயந்திரம் வைக்கோலை வயலெங்கும் சிதறிவிட்டுப் போகிறது. பலர் அதற்கு நெருப்பு வைத்துவிடுகிறார்கள். பங்குனியில் நாம் எரிக்கும் அந்த வைக்கோலைத்தான் மார்கழியில் மாடு தேடுகிறது. அயலவர் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் உழவு இயந்திரத்தை அமர்த்தினால் ஒரு நாளில் எல்லாருடைய வைக்கோலையும் வாரி எடுத்துவிடலாம். தரையிற் படாமற் தடிகளின் மேல் போர் வைத்து, மேலே கிடுகோ படங்கோ போட்டுவிட்டால் மாரி வரை கெடாது.

சத்துக் குறைந்த வைக்கோலை யூரியாவினாற் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி 3 கிழமை வையுங்கள். எடுத்ததும் நெடி போகும்வரை காற்றாடவிட்டுக் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் இறந்துவிடும். அந்த வாளியைக் கண் காணாமல் வைக்க வேண்டாம். முதன்முறை செய்பவர்கள் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

ஆவணி, புரட்டாதியிற் கூரை வேய்தல், வாய்க்கால் வெட்டுதல், பூச்சி மருந்து பருக்குதல், தொண்டை அடைப்பான், கால்வாய் நோய்களுக்கான தடுப்பூசி போடுவித்தல் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். மாடுகளைக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் பதிந்து இலக்கத் தோடு போடுவிப்பதும் முக்கியம். இழப்பு நேர்ந்தால் எமது கையிலுள்ள சான்று அதுவே.

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, ஆண்டவரின் பிறப்பை நினைவுகூர்ந்தார். அந்த வழக்கத்தில் நாமும் நத்தாருக்குப் பாலன் குடில் கட்டுகிறோம். குடிலுக்குப் போட நல்ல வைக்கோலை ஊரெல்லாம் தேடி எடுக்கிறோம். இம்முறை வைக்கோல் எடுக்கப் போகும் இளைஞர் மன்றத்தினர் இன்னுமொரு கட்டு எடுத்து, கொட்டில் ஒழுகும் வீடொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாக. போகும்போது ஒரு படங்கையும் நாலு தடியையும் கொண்டு போனால், ஒரு மணித்தியால வேலையில் அந்த வீட்டுப் பசுவுக்குக் காற்று மறைப்புக் கட்டிவிடலாம். பட்டிப் பொங்கலன்று அந்தப் பசுவின் கழுத்தில் மாலை போட அது உயிரோடு நிற்கும்.